முல்லர்களின் பாவமும் புண்ணியமும்

1942 ஜனவரி 20 அன்று பெர்லினை அடுத்த வான்ஸே ஏரிக்கரை மாளிகையில், ஐரோப்பிய யூதர்களை அழித்தொழிக்கும் வேலையை எந்தெந்த இலாகா எப்படிச் செய்வது என்று பேசி முடிக்கக் கூடிய அதிகாரிகளில் ஒருவர் ஹைன்ரிஹ் முல்லர். ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் தலைவர் அவர். அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ஏற்றப்பட்ட யூத இளைஞர்களில் ஒருவர் ஃபிலிப் முல்லர், வயது 20. பிணங்களை எரிக்கும் கூடத்தில் வேலைக்கு நிறுத்தப்பட்ட அவர் எப்படியோ பிழைத்து, 1964-இல் பிராங்க்பர்ட் விசாரணையில் சாட்சி சொன்னார். பின்னர் தாம் கண்டதைப் புத்தகமாகவும் எழுதினார். கொன்றவருக்கும் கொல்லக் குறிக்கப்பட்டவருக்கும் ஒரே குடும்பப்பெயர். இருவருக்கும் நடுவில் எந்த உறவும் இல்லை. ஜெர்மன் மொழியின் மிகச் சாதாரணமான குடும்பப்பெயர் இருவரிடமும் வந்து சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் பெயர் வழியாகக் குருதியும், குருதி வழியாகக் குணமும், குணம் வழியாகப் பாவ புண்ணியமும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகின்றன என்று நம்புகிறவர்கள் எல்லா மதங்களிலும் உண்டு. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. குடும்பப்பெயர் ஆளைச் சுட்டும். அந்த ஆளுக்குள் இருக்கும் எதையும் அது ஏந்தி வருவதில்லை. முல்லர் என்ற பெயரின் பிறப்பையும் பெருக்கத்தையும் கொண்டு இதை நிறுவ முடியும் என்று நினைக்கிறேன்.

முல்லர் என்றால் மாவாலைக்காரர். சொல்லே ஜெர்மானியருக்குச் சொந்தமானதில்லை. ரோமானியர் ஆற்று நீரால் சுழலும் ஆலையைக் கொண்டுவந்தபோது, அதற்கான லத்தீன் பெயரும் கூடவே வந்து இறங்கியது. அதற்கு முன் வீடுதோறும் கைத் திரிகைதான். அதற்கு ஜெர்மானிய மொழிகளில் பழைய சொல் வேறாக இருந்தது. நீராலை வந்த பிறகு அரைப்பது வீட்டு வேலை என்பது போய்த் தனித் தொழிலாயிற்று. அந்தத் தொழிலாளியைக் குறித்த சொல் இடத்துக்கு இடம் உருமாறியது. வடக்கில் மொல்லர், பவேரியாவிலும் ஸ்வாபியாவிலும் மில்லர், வேறு சில பகுதிகளில் முல்னர். பதினாறாம் நூற்றாண்டை ஒட்டிப் படித்தவர்களிடையே பெயரை லத்தீனாக்கிக்கொள்ளும் மோகம் பரவியபோது மோலிட்டர், மிலியுஸ் என்ற வடிவங்களும் முளைத்தன. ரோமிலிருந்து வந்த சொல்லை மறுபடி ரோமானிய உடைக்குள் நுழைத்தார்கள் என்று சொல்லலாம். அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களில் ஏராளமானோர் அங்கே மில்லர் ஆனார்கள்.

அந்தத் தொழிலுக்கு ஊரில் என்ன மதிப்பு இருந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆலை கட்டவும் ஆற்றை மறிக்கவும் பிரபுவின் அனுமதி தேவை. பல ஊர்களில் குடியானவர்கள் பிரபுவின் ஆலையில் மட்டுமே அரைக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. ஆலைக்காரர் காசுக்குப் பதிலாக அரைத்த தானியத்திலேயே ஒரு பங்கைக் கூலியாக எடுத்துக்கொள்வார். வேறிடம் போக வழியில்லாத வாடிக்கையாளர், தம் கண் முன்னால் மூட்டையில் கைவிட்டு அளந்து எடுக்கும் ஆலைக்காரர்: சந்தேகம் வளர இதைவிட நல்ல மண் எது? நாரை ஏன் ஆலைக் கூரையில் கூடு கட்டுவதில்லை தெரியுமா, ஆலைக்காரர் முட்டையைத் திருடிவிடுவார் என்று பயம் என்பது ஜெர்மன் கிராமங்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கேலி. கேலியோடு போகவில்லை. பல பகுதிகளில் மாவாலைக்காரர்கள் மானமற்ற தொழிலினர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குத் தொழிற்குழுக்களின் கதவு திறக்கவில்லை. 1548-லும் 1577-லும் வெளியான பேரரசுக் காவல் ஆணைகள், துணி நெய்வோர், நாவிதர், மேய்ப்பர், குழலூதுவோர் முதலானவர்களோடு மாவாலைக்காரர்களின் பிள்ளைகளையும் தொழிற்குழுக்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டன. ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை கட்டளை போட வேண்டி வந்தது என்றால் முதல் முறை யாரும் கேட்கவில்லை என்றுதான் பொருள். இன்று ஜெர்மனியில் கௌரவமான, கவனத்தை ஈர்க்காத, எந்த வாடையும் இல்லாத பெயர் எது என்று கேட்டால் முல்லர் என்பார்கள். தொழிலோடு ஒட்டிக் கிடந்த களங்கம் பெயரோடு ஒட்டவில்லை. பெயருக்குள் ஏதோ தங்கி இறங்கி வருகிறது என்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்: முந்நூறு நானூறு வருட அவப்பெயர் எங்கே போயிற்று?

போனதற்குக் காரணம், பெயர் உறைந்துபோனதுதான். ஜெர்மன் நிலங்களில் பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் ரைன் நதிக்கரை நகரங்களிலும் தெற்கிலும் இரண்டாம் பெயர் வழக்கத்துக்கு வந்தது. ஊரில் நாலு ஹான்ஸ் இருந்தால் ஆலைக்கார ஹான்ஸ் எவர், கொல்லன் ஹான்ஸ் எவர் என்று பிரித்துச் சொல்லத்தான். அந்த அளவில் அது உண்மையான வர்ணனை. ஆலையை விட்டுவிட்டால் பெயரும் போகும். பிறகு வரிப்பட்டியல் வந்தது, நகரக் குடியுரிமைப் பதிவு வந்தது. மதமும் தன் பங்கைச் செய்தது. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்குக் குருவும் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. ரகசியத் திருமணத்தையும், விலக்கப்பட்ட உறவுக்குள் நடக்கும் திருமணத்தையும் தடுப்பதே அதன் கவலை. சீர்திருத்தச் சபைகளும் தங்கள் பதிவேடுகளைத் திறந்தன. யார் யாருக்கு எந்த வழியில் சொந்தம் என்று பார்க்க வேண்டுமானால் பெயர் தந்தையோடு மாறாமல் நிற்க வேண்டும். கடைசியில் 1876 ஜனவரி முதல் ஜெர்மன் பேரரசு முழுவதும் அரசுப் பதிவகம் நடைமுறைக்கு வந்து, எழுத்துக்கூட்டுகூட அசையாமல் போயிற்று. கவிஞர் வில்ஹெல்ம் முல்லர் 1794-இல் டெசாவ் நகரில் பிறந்தபோது அவர் தந்தை செய்தது தையல் வேலை. உடலியல் அறிஞர் யோஹன்னஸ் முல்லர் 1801-இல் கோப்லென்ஸில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தார். ஆலையும் இல்லை, மாவும் இல்லை, பெயர் மட்டும் மீதி. 1816-இல் பெர்லினில் நண்பர் வீடொன்றில் இளைஞர்கள் கூடிப் பாட்டு நாடகம் ஒன்றை விளையாட்டாகப் போட்டபோது, வில்ஹெல்முக்கு மாவாலைப் பையன் வேடம் கொடுத்தார்கள். பெயர் முல்லர், வேறென்ன காரணம் வேண்டும்? அந்த விளையாட்டிலிருந்து கிளைத்ததுதான் 1823-இல் ஷூபர்ட் இசையமைத்த ‘அழகிய மாவாலைப் பெண்’ பாடல் வரிசை. தையற்காரர் மகனுக்குத் தன் பெயரின் பொருள் நடிப்பில்தான் திரும்பக் கிடைத்தது.

இந்தப் பெயர் ஏன் இவ்வளவு பெருகியது என்பதற்கான விடை எளிது. ஆனால் நம் கேள்விக்கு அதுவே திறவுகோல். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் முல்லர்தான் முதலிடம். ஜெர்மனியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். முதலிடம் என்பதும் எண்ணுகிற முறையைப் பொறுத்ததே: கொல்லரைக் குறிக்கும் ஷ்மிட் என்ற பெயரை ஷ்மித், ஷ்மிட்ஸ், ஷ்மீட் என்று எழுத்தர்கள் பலவிதமாக எழுதி வைத்துச் சிதறடித்திருக்கிறார்கள், அத்தனையையும் கூட்டினால் கொல்லர் ஆலைக்காரரை முந்திவிடுவார். அது கிடக்கட்டும். ஒரு குடும்பம் பல்கிப் பெருகி லட்சக்கணக்கான முல்லர்கள் உண்டாகவில்லை. ஆறோ ஓடையோ ஓடிய இடத்திலெல்லாம் ஓர் ஆலை, ஆலைக்கு ஒருவர், ஊருக்குள் அவர் ஒருவரே அந்தத் தொழிலில் இருந்ததால் அவரை அடையாளம் சொல்ல அந்தப் பெயரே போதும். ஆயிரக்கணக்கான ஊர்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஒரே பெயர் தனித்தனியாகப் பிறந்தது. ஒவ்வோர் ஊரிலும் வேறுபடுத்திக் காட்டப் பிறந்த பெயர், ஊர்களெல்லாம் சேர்ந்து ஒரு நாடானபோது எதையும் வேறுபடுத்தாத பெயராயிற்று. ஹம்பர்க் முல்லருக்கும் மியூனிக் முல்லருக்கும் பொது மூதாதை கிடையாது. இருந்தால், அது எந்த இரண்டு ஜெர்மானியருக்கும் இருக்கக்கூடிய அளவுக்குத்தான். பிரிட்டனில் மரபணு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோதும் அப்படியே தெரிந்தது. அரிய குடும்பப்பெயர் கொண்ட ஆண்களிடம் தந்தைவழி மரபணுக் குறி பெரும்பாலும் ஒத்துப்போனது. ஸ்மித் போன்ற பெருவழக்குப் பெயர் கொண்டவர்களிடையே அந்த ஒற்றுமை தெருவில் போகிற எவரோடும் இருக்கும் அளவைத் தாண்டவில்லை.

தத்துவ உலகில் இந்தக் கேள்வி பிளேட்டோ காலத்திலேயே எழுந்துவிட்டது. அவருடைய ‘கிராட்டிலஸ்’ உரையாடலில் கிராட்டிலஸ் என்பவர், பெயர் பொருளின் இயல்போடு பொருந்தியே இருக்கும் என்கிறார். அப்படிப் பார்த்தால் எதிரே நிற்கும் ஹெர்மோகெனஸின் பெயர் அவருடைய பெயரே இல்லை. ஹெர்மஸ் தெய்வத்தின் வழித்தோன்றல் என்று பொருள்படும் அந்தப் பெயருக்கும் கையில் காசு தங்காத அவருக்கும் ஒட்டவே ஒட்டாது. பொருந்தாவிட்டால் பெயர் பொய் என்பது கிராட்டிலஸ் கட்சி. 1843-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் தமது தர்க்க நூலில் இந்தக் கட்சியின் அடித்தளத்தையே எடுத்துவிட்டார். டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால் ஓர் ஊருக்கு டார்ட்மவுத் என்று பெயர் வந்தது. நாளை மணல் மேடிட்டு ஆறு திசைமாறிப் போனாலும் ஊரின் பெயர் மாறாது, மாற வேண்டியதும் இல்லை. பெயர் வைத்ததற்குக் காரணம் இருக்கலாம், ஆனால் அந்தக் காரணம் பெயரின் பொருளாகிவிடாது. (மாவாலை என்று பொருள்படும் குடும்பப்பெயரை வைத்துக்கொண்டிருந்த ஒருவர் இதை எழுதினார் என்பதில் ஒரு சின்ன ருசி இருக்கிறது.) 1970-இல் பிரின்ஸ்டனில் சால் கிரிப்கி ஆற்றிய சொற்பொழிவுகள் மில்லின் வழியில் இன்னும் ஓர் அடி போயின: முதலில் ஒருவர் பெயர் சூட்டுகிறார், அடுத்தவர் அவரிடமிருந்து கேட்டு அதே ஆளைக் குறிக்க அதைப் பயன்படுத்துகிறார், இப்படிக் கைமாறிக் கைமாறிப் பெயர் ஓடுகிறது. ஓடுவது சுட்டும் வேலை மட்டும். சூட்டியபோது இருந்த ஆலை அந்தச் சங்கிலியில் ஏறி வருவதில்லை.

ஆனாலும் மக்கள் ஏன் வேறுவிதமாக நம்புகிறார்கள்? இதற்கு விளக்கம் தந்தவரும் ஒரு முல்லர்தான். கவிஞர் வில்ஹெல்மின் மகன் ஃபிரீட்ரிஹ் மாக்ஸ் முல்லர், ரிக் வேதத்தை 1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தவர். இயற்கையின் நிகழ்ச்சிகளைக் குறிக்க மனிதன் வைத்த வர்ணனைப் பெயர்கள், வைத்த காரணம் மறந்துபோனதும் ஆட்களாக மாறிவிடுகின்றன, தெய்வக் கதைகள் அப்படித்தான் பிறந்தன என்பது அவர் கொள்கை. பெயர்களே தெய்வங்களாயின, புராணம் மொழிக்கு வந்த நோய் என்று அவர் வாதிட்டார். எல்லாத் தெய்வத்தையும் சூரியனாகவும் விடியலாகவும் கரைத்துவிடும் அவர் முறை பின்னாளில் எடுபடவில்லை. அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1870-இல், லிட்டில்டேல் என்ற பாதிரியார் மாக்ஸ் முல்லரின் பெயரையே பிரித்துப் பொருள் சொல்லி, அப்படி ஒரு பேராசிரியரே கிடையாது, அவரும் ஒரு சூரியப் புராணம்தான் என்று அதே முறையில் நிரூபித்துக் கேலிக் கட்டுரை எழுதினார். கேலி நியாயமானதே. வேதத் தெய்வங்களுக்கு இந்தக் கொள்கை பொருந்தாமல் போகலாம். குடும்பப்பெயருக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆலைக்காரர் என்பது வர்ணனை. வர்ணனையின் காரணம் மறந்தது. பிறகு ‘முல்லர்கள்’ என்று ஒரு குலம், அதற்கு ஒரு குருதி, ஒரு குணம், ஒரு கௌரவம் இருப்பதாகக் கற்பனை எழுந்தது. குலம் என்று நாம் வணங்கும் பல தெய்வங்களின் பிறப்புச் சான்றிதழ் இதுதான்.

மாக்ஸ் முல்லர் தம் பெயரை நடத்திய விதமும் கவனிக்கத்தக்கது. வெறும் முல்லர் என்றால் கூட்டத்தில் காணாமல் போய்விடுவோம் என்று, தமக்கு இடப்பட்ட மாக்ஸையும் சேர்த்துக் குடும்பப்பெயராக்கிக்கொண்டார். அந்த மாக்ஸ், இசையமைப்பாளர் வேபரின் ஓபரா ஒன்றின் நாயகன் பெயர். வேபர் என்றால் நெசவாளர், அவர் பிறந்ததோ பாட்டுக்கார வீட்டில். ரிக் வேதப் பதிப்பின் சமஸ்கிருத முகப்பில் மாக்ஸ் முல்லர் தம்மை மோக்ஷமூலர் என்று எழுதிக்கொண்டார். ஜெர்மன் மாவு வாசனை அடியோடு போய், முக்திக்கு மூலம் என்ற தொனி வந்துவிட்டது. இந்தியாவில் பலர் அந்தத் தொனியை அப்படியே நம்பி மகிழ்ந்தார்கள். அவர் முதன்மைப் பதிப்பாசிரியராக நின்று நடத்திய ‘கிழக்கின் புனித நூல்கள்’ வரிசையின் ஐம்பது தொகுதிகளில், மிலிந்தன் என்ற யவன அரசனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடலும் இரண்டு தொகுதிகளாக இடம்பெற்றிருக்கிறது. அரசன் பெயர் கேட்கிறான். நாகசேனன் என்று அழைக்கிறார்கள், ஆனால் அந்தப் பெயருக்குள் ஓர் ஆள் இருப்பதாக நினைத்துவிடாதே என்கிறார் பிக்கு. சக்கரம், அச்சு, நுகம் என்று எதைத் தனியே எடுத்தாலும் தேர் கிடைக்காது. எல்லாம் சேர்ந்த இடத்தில் வழங்கும் ஒரு சொல்லே தேர் என்று விளக்குகிறார். ஓர் ஆளின் பெயருக்கே இதுதான் நிலை என்றால், ஒருவரையொருவர் அறியாத லட்சக்கணக்கானோரின் பொதுப்பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கற்பனைத் தெய்வம் பலி கேட்ட காலமும் உண்டு. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அரசு ஊழியர்கள் தாங்கள் ஆரிய வம்சம் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. நிரூபணத்தைத் தேடி மக்கள் போன இடம் தேவாலயங்கள். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் காப்பதற்காகத் திறந்த பதிவேடுகள் குருதிச் சான்றிதழ் வழங்கும் அலுவலகங்களாயின. அந்த ஆண்டு புரோட்டஸ்டண்ட் சபைகளுக்குப் பேரரசுப் பேராயராக அமர்த்தப்பட்டவரும் ஒரு முல்லர்: லூட்விஹ் முல்லர். அவரைத் தூக்கிப் பிடித்த ‘ஜெர்மன் கிறிஸ்தவர்’ அணி, யூத வம்சத்தில் பிறந்த போதகர்களை, அவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், விலக்கும் விதியைச் சபைக்குள்ளேயே கொண்டுவந்தது. மறுபிறப்பு என்று தன் மதம் சொல்லும் சடங்கைவிடத் தாத்தாவின் பிறப்பு பெரிது என்று ஒரு பேராயர் ஏற்றுக்கொண்டார். இதைவிடப் பெரிய விசுவாசத் துரோகம் ஒரு கிறிஸ்தவருக்கு இருக்க முடியுமா என்று தெரியவில்லை. இதற்கு மறுகோடியில் யோசப் முல்லர் என்ற கத்தோலிக்க வழக்கறிஞர், ஹிட்லரை வீழ்த்த முயன்ற படை அதிகாரிகளுக்காக வத்திக்கானுக்குத் தூது போய்க்கொண்டிருந்தார். பெயரைப் பார்த்து எந்த முல்லர் எந்தப் பக்கம் என்று சொல்ல வழியில்லை. ஆட்சியாளர்களுக்கே இது தெரிந்திருந்தது. 1938 ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஆணைப்படி, பட்டியலில் உள்ள யூதப் பெயர் இல்லாத யூத ஆண்கள் எல்லோரும் இஸ்ரேல் என்றும் பெண்கள் சாரா என்றும் கூடுதல் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடும்பப்பெயர் வம்சத்தைக் காட்டிக் கொடுக்கும் என்றால் இந்த ஆணைக்கு வேலையே இல்லை. காட்டாததால்தான் பெயர்மேல் பெயர் ஒட்ட வேண்டி வந்தது.

இங்கே ஓர் அறிவியல் ஆட்சேபம் எழும். பொருளாதார வரலாற்றாளர் கிரெகரி கிளார்க் 2014-இல் வெளியிட்ட நூலில், சில குடும்பப்பெயர்கள் பல நூற்றாண்டுகள் கழித்தும் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் பட்டியல்களில் அளவுக்கு மீறி இடம்பெறுவதைக் காட்டினார். அப்படியானால் பெயரோடு ஏதோ இறங்கி வருகிறதே? வருகிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கையாண்டவை பெரும்பாலும் அரிய பெயர்கள், மேட்டுக்குடிப் பெயர்கள். அரிதாக இருப்பதால்தான் அவை ஒரு சில குடும்பங்களைத் தடம்பிடிக்க உதவுகின்றன. இறங்கி வருவது நிலம், பணம், படிப்பு, பழக்கவழக்கம், கல்யாணச் சந்தையில் பேரம். காரணம் இவற்றோடு வேறென்ன என்ற சண்டை தனி. பெயர் அந்த மூட்டைகளின்மேல் ஒட்டிய சீட்டு. சீட்டே சரக்கு என்று காட்ட முயன்ற ஆய்வு ஒன்றும் நடந்தது. பேரரசர், அரசர் என்று பொருள்படும் கைசர், கோனிஹ் போன்ற குடும்பப்பெயர் கொண்ட ஜெர்மானியர் நிர்வாகப் பதவிகளில் அதிகம் என்று 2013-இல் இரு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே விமர்சகர் ஒருவரோடு சேர்ந்து, ஒத்த வகைப் பெயர்களோடு ஒப்பிட்டு மறுபடி கணக்குப் போட்டதில் அந்த விளைவு மறைந்துபோனது. அதையும் அவர்களே வெளியிட்டார்கள். அறிவுலகில் அபூர்வமாகக் காணும் நேர்மை அது.

மத ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பத்துக் கட்டளைகள் அமைந்த யாத்திராகமப் பகுதியிலேயே தந்தையரின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்று வருகிறது. கிறிஸ்தவமோ ஒருபடி மேலே போய், ஆதாமின் பாவம் எல்லோர்மீதும் இறங்கியிருக்கிறது என்கிறது. அகஸ்டீன் அதைப் பிறப்போடு பிணைத்தார், லூத்தரும் அதை விடவில்லை. இப்படியிருக்க, பரம்பரைப் பாவமே இல்லை என்று எப்படிச் சொல்வது? முதல் பகுதிக்கு வேதமே பதில் சொல்லியிருக்கிறது. பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசி, தகப்பன் பாவத்தை மகன் சுமப்பதில்லை, மகன் பாவத்தைத் தகப்பன் சுமப்பதில்லை என்பதை ஒரு முழு அதிகாரமாக விரித்து வாதிடுகிறார். நாடிழந்து தலைமுறைப் பழியில் மூழ்கிக் கிடந்த மக்களிடம் பேசியவர் அவர் என்பதால் அந்த வாதத்துக்குக் கூடுதல் எடை உண்டு. சென்மப் பாவத்தைப் பொறுத்தவரை, அந்தக் கோட்பாட்டை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் குடும்பப்பெயர்வாதிக்கு அது உதவாது. அது எல்லோரையும் ஒன்றுபோலப் பிடிக்கிறது. முல்லர் என்றும் ஷ்மிட் என்றும் கைசர் என்றும் பார்ப்பதில்லை. ஒரு குடும்பத்துக்குப் பழியும் இன்னொரு குடும்பத்துக்குப் புகழும் தனியாக ஒதுக்க அதில் இடமே கிடையாது. பரம்பரைப் பெருமையைப் பேசும் ஒரு கிறிஸ்தவர் அந்தக் கோட்பாட்டைக் கடைசிவரை யோசித்துப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. பெயருக்குள் ஒன்றும் இல்லை, தலைமுறைக்குள் ஒன்றும் இறங்குவதில்லை என்று சொன்னால் அது தப்பித்துக்கொள்ள வசதியான தத்துவமாகாதா? அப்பா செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்று ஒரு தேசமே கைகழுவிவிடலாமே? 1946-இல், சுற்றிலும் இடிபாடுகள் கிடந்த காலத்தில், ஹைடல்பர்கில் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ் குற்றப் பொறுப்பு பற்றித் தாம் ஆற்றிய சொற்பொழிவுகளை நூலாக்கினார். சட்டக் குற்றம், அரசியல் பொறுப்பு, ஒழுக்கக் குற்றம், சக மனிதன் சாகும்போது உயிரோடிருப்பதால் மேலே விழும் மெய்யியல் குற்றம் என்று நான்காகப் பிரித்தார். சட்டக் குற்றமும் ஒழுக்கக் குற்றமும் தனி ஆளுடையவை, கூட்டத்துக்கு இல்லை. அரசியல் பொறுப்போ ஒரு நாட்டின் குடிமக்கள் எல்லோர்மேலும் விழும். 1952 செப்டம்பரில் லக்ஸம்பர்க்கில் கையெழுத்தான ஒப்பந்தப்படி மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க்கும், யூத அமைப்புகளின் கூட்டமைப்புக்கு 45 கோடி மார்க்கும் தர ஒப்புக்கொண்டது. அதைக் கொடுத்தது அரசு. அதற்கு வரி கட்டியவர்களில் ஹிட்லரை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அந்த அரசு தன்னை முந்தைய ஜெர்மன் அரசின் தொடர்ச்சி என்று சொல்லிக்கொண்டது, தொடர்ச்சியின் சொத்தையும் கடனையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. தனி வாழ்விலும் ஜெர்மன் சட்டம் இந்த வழியில்தான் போகிறது. இறந்தவரின் கடன், சொத்தை ஏற்றுக்கொண்ட வாரிசோடு போகும். வழக்கமாக ஆறு வாரத்துக்குள் வாரிசுரிமையை மறுத்துவிட்டால் கடனும் போகாது. மறுத்த மகனுக்கு அப்பாவின் பெயர் அப்படியே இருக்கும். எது இறங்குகிறது, எதோடு சேர்ந்து இறங்குகிறது என்று பார்த்தால் பொறுப்பிலிருந்து யாரும் தப்ப முடியாது. தப்புவது பெயர் மட்டும்தான். ருமேனியாவின் ஜெர்மன் சிறுபான்மைக் கிராமம் ஒன்றில் பிறந்து 2009-இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற ஹெர்டா முல்லரின் தந்தை நாஜிகளின் எஸ்எஸ் படையில் இருந்தவர். ஹெர்டா அதை மறைக்காமல் பேசியதும் எழுதியதும் அந்த ஆள் தன் அப்பா என்பதால். அவர் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவர் என்பதால். கெஸ்டபோ தலைவரும் ஒரு முல்லர் என்பதற்காக அவரிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கேட்டவரின் புத்தியைத்தான் சந்தேகித்திருப்போம்.

பிழை ஒன்றின்மேல் இவ்வளவு காலம் ஓர் அமைப்பு நிற்குமா என்று சமூகவியலாளர் துர்க்கைம் மாக்ஸ் முல்லரின் மதக் கொள்கைக்கு எதிராக 1912-இல் எழுப்பிய கேள்வி குடும்பப்பெயருக்கும் பொருந்தும். நிற்காது; அதன் பின்னால் ஒரு சமூக மெய்ம்மை இருக்க வேண்டும். இருக்கிறது: பதிவகம், வாரிசு, வரி, திருமணம். 1980-களில் ஜெர்மனிக்குப் புகலிடம் தேடிப் போன ஈழத் தமிழர்கள் இதை நேரில் கண்டார்கள். தலைமுறைக்குத் தலைமுறை மாறும் தந்தை பெயரை அங்குள்ள படிவத்தின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதியதும் அது உறைந்துவிட்டது. இன்று பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராக நிற்பது தாத்தாவின் சொந்தப் பெயர். இன்னும் நாலு தலைமுறையில் அதுவும் ஒரு குலமாகத் தோன்றக்கூடும். உறைய வைப்பது சட்டம் என்பதால், உருக்குவதும் சட்டத்தால் முடிகிறது. 1991 மார்ச்சில் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம், தம்பதி ஒன்றும் முடிவு செய்யாவிட்டால் கணவன் பெயரே குடும்பப்பெயர் என்ற விதியைச் செல்லாததாக்கியது. 2025 மே முதல் இருவர் பெயரையும் இணைத்து இருவருமே வைத்துக்கொள்ளலாம்.

பெயர் மாற்றத்துக்கான ஜெர்மன் சட்டம் 1938 ஜனவரியில் நாஜி அரசு போட்டது. அப்போது வேண்டாதவர்கள் முன்னர் மாற்றிக்கொண்ட பெயர்களைப் பிடுங்கவும் அது பயன்பட்டது. திருத்தங்களோடு அதே சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். அதற்கான நிர்வாக விதிகள் இரண்டு காரணங்களைத் தனித்தனியே ஏற்கின்றன. பெயர் அளவுக்கு மீறிப் பரவி ஆளை அடையாளம் காட்டாமல் போவது ஒன்று. ஒரு முல்லர் இதைச் சொல்லி விண்ணப்பிக்கலாம். மற்றது, ஒரு குற்றத்தைப் பற்றிய செய்திகளால் பெயர் அந்தக் குற்றத்தோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு, குற்றவாளியின் குடும்பத்தாரும் அதனால் அவதிப்படுவது. ஆனால் இரண்டாவது காரணம் எடுபட அந்தப் பெயர் அரியதாகவோ எடுப்பாகத் தெரிவதாகவோ இருக்க வேண்டும். முல்லர் என்ற பெயருள்ள ஒருவர் அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு அலுவலகத்தில் போய் நின்றால், அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.